எழுநூற்றைம்பது கிராம்

சார்ஜர் வயரைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்ட குணவதியின் விரலில் கேமரா தட்டுப்பட்டது. இன்னும் சூடு ஆறவில்லை. எப்படி ஆறும், கால் மணி நேரத்துக்கு முன்னால்தானே காருக்குள்ளிருந்து பிடுங்கி எடுத்தாள். பிடுங்கி என்றால் திருட்டுத்தனமாக ஒன்றும் இல்லை. பந்தயம் முடிந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றபோது, நொய்யல் ரேசிங் அணியின் விளம்பரப் பொறுப்பாளர் என்ற அட்டை கழுத்தில் தொங்க, எல்லோரும் பார்க்கத்தான், சன்னல் வழியாகத் தோள் வரை கையை நுழைத்து, உள்ளே கம்பிச் சட்டத்தில் மாட்டியிருந்த பிடியைத் திருகி, கேமரா, அதன் பேட்டரிப் பெட்டி, இரும்புப் பிடி எல்லாவற்றையும் ஒரே கொத்தாக வெளியே எடுத்துக்கொண்டாள். உள்ளே இருந்த சம்யுக்தா கவனிக்கவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது, நாலு வருஷமாக ஓட்டுகிறாள், இன்றைக்குத்தான் முதன்முதலாக ஜெயித்திருக்கிறாள், அவளுக்குக் கேமராவா கண்ணில் படும். சரி, அதுவரைக்கும் ஒரு குற்றமும் இல்லை. இப்போதுதான், அணியின் மெக்கானிக் சாதிக் கையைத் துடைத்துக்கொண்டே அவளைக் கடந்து போனவர், "நம்ம வண்டியத் தராசுல ஏத்தறாங்க அம்மிணி, போயிப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றார். தராசு என்ற சொல் காதில் விழுந்ததும் கேமரா விரலில் பட்டதும் ஒரே நேரம்.

காரும் ஓட்டுகிறவரும் சேர்ந்து எண்ணூற்று இருபது கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒரு கிராம் குறைந்தாலும் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள், அந்தப் பந்தயத்தில் நீ ஓடவே இல்லை. பதினோரு வருஷமாக இந்த விதியைப் புதிதாக வரும் பத்திரிகைக்காரர்களுக்கு உட்கார்த்தி வைத்து விளக்கியவள் அவள்தான், லேசான கார் வேகமாக ஓடும் பாருங்க, அதனாலதான் எல்லாருக்கும் ஒரே எடை என்று. ஊருக்குத்தான் உபதேசம். இந்த வருஷத்து முதல் பந்தயம் சென்னையில் நடந்தபோது எடை போட்டுவிட்டு வந்த சாதிக், "அறுநூறு கிராம் மிச்சம், போதும்" என்று சொன்னது அவளுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. இல்லாமல் போயிருக்கக் கூடாதா. அன்றைக்குக் கேமரா காரில்தான் இருந்தது, அப்படியானால் அந்த அறுநூறு கேமராவையும் சேர்த்துத்தான். இந்தக் கொத்து எவ்வளவு இருக்கும்? பைக்குள்ளேயே தூக்கிப் பார்த்தாள். முந்நூறு என்றது மனசு. ஒரு கிலோ என்றது கை. எடை பார்ப்பதற்காகக் கயிறு கட்டிய முற்றத்துக்குள் போன பிறகுதான் காரை யாரும் தொடக் கூடாது. அவள் தொட்டது கயிற்றுக்கு வெளியே, வரிசையில் நின்றபோது, நாலடி முன்னால். நாலடிக்காக வாதாடலாம். தராசோடு யார் வாதாடுவது? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொன்ன பெரியவர் ஆத்திரக்காரிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, குணவதியை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அறிவிப்புப் பலகையில் முடிவை ஒட்டியது மூன்று ஐம்பதுக்கு. ஒட்டினாலும் அது தற்காலிகம்தான். எடை பார்த்து, எஞ்சினைப் பார்த்து, எதிரணிக்காரர்கள் யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் அதையும் விசாரித்து, அரை மணி நேரம் கழித்து நாலு இருபதுக்குத்தான் அது உறுதியான முடிவு. அந்த அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் விளம்பரப் பொறுப்பாளரின் முதல் வேலை. குணவதி என்ன செய்தாள்? மூன்று ஐம்பத்து நாலுக்கு ரீல்ஸ் போட்டுவிட்டாள். சம்யுக்தா கோட்டைத் தாண்டியதும் "அப்பா!" என்று கத்திக்கொண்டே ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் குத்தும் இருபது விநாடி. அதற்காகத்தான் அந்த அவசரம், சூடு ஆறுவதற்குள் போட்டால்தான் ஓடும் என்று சொல்லிச் சொல்லி அவள் தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள். மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பத்திரிகைக்காரரிடம் "போடுங்க" என்று சொல்லிவிட்டாள். நாளைக் காலை விளையாட்டு இணைப்பில் அரைப்பக்கம். மேலே சம்யுக்தா, நடுவில் 'வென்றோம்', கீழே அவர்களுக்குப் பணம் போடும் கிரைண்டர் கம்பெனியின் புது மாடல், மூன்று கல். இணைப்பு சாயங்காலமே அச்சாகிவிடும், அதனால் நாலு மணிக்கு மேல் பக்கம் தாங்காது என்று அந்த மனிதர் காலையிலிருந்து ஏழு முறை கூப்பிட்டிருந்தார். இப்போது அவள் அவரைக் கூப்பிட்டாள். "சார், அந்தப் பக்கத்தக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுங்ளா?" "என்ன மேடம் இப்பக் கேக்கறீங்க, அச்சுத் தட்டு அடிக்கப் போயிருச்சுங்களே. ஏதாவது தப்பாப் போச்சுங்ளா?" "இல்லீங் சார், சும்மாத்தான்." சும்மாத்தான் என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தாள். ரீல்ஸ் நாற்பத்தோராயிரத்தைத் தாண்டியிருந்தது.

ரீல்ஸை அழித்துவிடலாம், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கட்டை விரல் ஒன்று போதும். நாற்பத்தோராயிரம் பேரும் இந்நேரம் நாய்க்குட்டிக்கோ சமையலுக்கோ போயிருப்பார்கள், முக்கால்வாசிப் பேர் மூன்றாவது விநாடியிலேயே போயிருப்பார்கள், அழித்தது யாருக்கும் தெரியாது. யூடியூப் லைவை வெட்டி ஒட்டலாம். பார்த்தவர்கள் ரெண்டாயிரத்து முந்நூறு பேர்தான், ஆனால் அவர்கள் ரெண்டு மணி நேரமும் உட்கார்ந்து பார்ப்பவர்கள், ஷார்ஜாவிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர், சவுண்டு கம்மி சவுண்டு கம்மி என்று வாரா வாரம் எழுதும் புண்ணியவான் ஒருவர், அவர்களை ஏமாற்ற முடியாது, மூன்றாவது வளைவில் யார் பிரேக்கை எப்போது விட்டார்கள் என்று கேட்பார்கள். டி.வி.யில் அரை மணி நேரத் தொகுப்பு சனிக்கிழமைதான், அதற்குள் மாற்றிவிடலாம், சலூனிலும் ஓட்டலிலும் சத்தம் இல்லாமல் ஓடும் நிகழ்ச்சிக்கு யார் ஜெயித்தால் என்ன. ஃப்ளெக்ஸைச் சுருட்டலாம். எஃப்.எம்.மில் சொன்னது காற்றோடு போயிற்று. அச்சடித்த காகிதத்தை என்ன செய்வது? வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்குவதா? சம்யுக்தாவின் அப்பா மகள் பெயர் வந்த ஒவ்வொரு துண்டையும், நாலாவது இடம் ஐந்தாவது இடம் என்று ஒரு வரி வந்ததைக்கூட, வெட்டி லேமினேஷன் செய்து வைத்திருப்பவர். நாளைக்கு அரைப்பக்கத்தையும் செய்வார். ஜெயிக்காத பெண்ணுக்கு ஜெயித்ததாக ஒரு லேமினேஷன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இந்தக் கணக்கைத்தான் அவள் மூன்று நாளாக வேறு விதத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கிரைண்டர் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து ஐயாவுக்குப் பேப்பர் ஒன்றுதான் உலகம். காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படிப்பார், தன் கிரைண்டர் படம் வந்த பக்கத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அவர் மகள் மிருதுளாவுக்குப் பேப்பர் என்றால் வடை மடிக்க. போன வாரம் வாட்ஸப்பில் குரலாகவே அனுப்பியிருந்தாள். "குணாக்கா, திங்கக்கெழம பதினோரு மணிக்கு அப்பாவோட உக்காருவோம். ஒரே கேள்விதான், அடுத்த வருசம் எதுல போடறது, எத நிறுத்தறது? ஒரு டேபிளாப் போட்டுட்டு வந்துருங்க்கா." போட்டாள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன வயசு, கிரைண்டர் வாங்குகிற ஆளா. ரீல்ஸ் பார்ப்பவனுக்குப் பதினேழு வயசு, அவன் வீட்டு மாவு தானாக அரைபட்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவன், ஆனால் அவன் அம்மாவிடம் போனைக் காட்டி இங்க பாரும்மா என்று சொல்பவனும் அவன்தான், அதை எந்தக் கட்டத்தில் போடுவது? லைவ் பார்ப்பவர் கார் வாங்குவார், கிரைண்டர் வாங்க மாட்டார். பேப்பர் படிப்பவர் கிரைண்டர் வாங்குவார், மூன்றாவது வளைவு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாளே தவிர, போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ஒரு கட்டம் வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது அந்தக் கட்டம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. முதல் பத்து நிமிஷம்தாங்க்கா முக்கியம், முதல் பத்து நிமிஷம்தாங்க்கா என்று மிருதுளாவின் குரல் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன, கையை நுழைத்தது மிருதுளாவா?

எடை தெரிய வேண்டும். தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று தெரியாது, ஆனால் தெரிய வேண்டும். அணியின் சமையல்காரரிடம் கேட்கலாம், அவரிடம் இருப்பது அரிசி மூட்டை நிறுக்கும் மிஷின். கால் தானாகப் பார்வையாளர் மேடைக்குப் பின்னால், மதில் ஓரமாகப் போயிற்று. அங்கே கொய்யாக்காய்க் கூடையோடு ஒரு அம்மா, கையில் பழைய தராசு. "இதக் கொஞ்சம் எடை போட்டுக் குடுங்க்கா" என்று கேமராக் கொத்தை நீட்டினாள். "இதென்ன கண்ணு, டார்ச் லைட்டா?" "கேமராங்க்கா." "கேமராவ எங்கயாச்சு எடைக்கு வாங்குவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா அரைக் கிலோக் கல்லை வைத்தாள். கேமராத் தட்டு அசையவில்லை. எழும்பிவிடு என்று கேமராவையா, இறங்கிவிடு என்று கல்லையா, யாரைக் கெஞ்சுவது என்று குணவதிக்கே புரியவில்லை. இருநூறு கிராம் கல்லைப் போட்டதும் லேசாக எழும்பியது. ஐம்பதைப் போட்டதும் முள் நேராக நின்றது. "எழுநூத்தம்பது. கொய்யான்னா அஞ்சு காய் நிக்கும்" என்றாள் அந்த அம்மா. அறுநூறில் எழுநூற்றைம்பது போனால்? ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும். "ஏங் கண்ணு மொகம் இப்புடி வெளுத்துருச்சு? உக்காரு. இருவது வருசமா இங்க வர்றேன், ஒரு வண்டியக் கூடப் பாத்ததில்ல, இந்தச் செவுத்துக்கு அக்கட்டால என்னமோ பறக்குது, அம்புட்டுத்தான். மைக்குல அந்தத் தம்பி பேசறதக் கேப்பேன். தம்பி கத்துனா யாவாரம் இல்ல, சனம் எந்திரிக்காது. தம்பி சும்மா பேசுனா ஒவ்வொருத்தரா எறங்கி வருவாங்க. இன்னிக்குக் கடைசியில சம்யுக்தா, சம்யுக்தான்னு கத்துனாரு பாரு, கூடைய உட்டுட்டு நானே எந்திரிச்சு நின்னுட்டேன். பொம்பளப் புள்ளயாமே? நம்மூருப் புள்ளயா?" "ஆமாங்க்கா, சூலூரு." "நல்லா இருக்கட்டும்" என்று ஒரு கொய்யாவைக் கீறி, மிளகாய்ப் பொடி தடவி, காசு வேண்டாம் போ என்று கையில் திணித்தாள்.

இந்த அம்மா எந்தக் கட்டத்தில் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டே குணவதி முற்றத்தைப் பார்த்து நடந்தாள். இருபது வருஷமாகப் பந்தயத்தைக் கேட்கிற ஒரு ஆள். தான் போட்ட டேபிளில் ஒலிபெருக்கி என்று ஒரு வரியே இல்லை, மின்சாரச் செலவில் சேர்த்துவிட்டிருந்தார்கள். குறைவது நூற்றைம்பது கிராம். ஒரு டம்ளர் மோர் நூற்றைம்பது கிராம் இருக்கும். பந்தயத்துக்கு முன்னால் சம்யுக்தா ஒரு டம்ளர் தண்ணீர் அதிகமாகக் குடித்திருந்தால்? குடித்தாளா? குடிக்கவில்லை, வெயிலுக்குக் குடிடி என்று குணவதியே பாட்டிலை நீட்டியபோது வேண்டாங்க்கா வயித்தப் பொரட்டுது என்றாள். டயரில் ரப்பர் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், ஓடி முடித்த டயரில் ஒட்டும், அது நூறு கிராம் இருக்காதா, ஆனால் ஒட்டினதை விடத் தேய்ந்தது அதிகம். வியர்வை வேறு. அந்தப் பெண் அழுதது வேறு, என்று ஒரு நினைப்பு வந்து, சீ, இதில் என்ன கிறுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போய்ச் சொல்லிவிடலாமா? ஐயா, இதுவும் காரோடு ஓடியதுதான், இதையும் சேர்த்து நிறுங்கள் என்று? கேட்க மாட்டார்கள். தராசில் ஏறும்போது காரில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு, சட்டம் அவர்கள் பக்கம், அதையும் எத்தனை பேருக்கு அவள் விளக்கியிருக்கிறாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் சம்யுக்தாவின் அப்பா நின்றிருந்தார். தறி மிஷின்களுக்கு ஸ்பேர் விற்கிற மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மகள் கீழே இறங்கி எடை இயந்திரத்துப் பக்கம் நிற்பதைப் பார்த்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். "ஏனுங் மேடம், எடையெல்லாம் சும்மா முறைக்குத்தானுங்ளே?" குணவதி வாயைத் திறந்தாள், கொய்யாதான் உள்ளே போயிற்று. மிளகாய்ப் பொடி தொண்டையில் ஏறி இருமி, கண்ணில் தண்ணீர் வந்தது, அதைப் பார்த்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார் பாவம். குறைந்திருந்தால் யார் சொல்வதற்கும் முன்னால் நானே சொல்லிவிடுவேன் என்று அப்போதுதான் முடிவு செய்தாள். சம்யு, ஒங் கையில தப்பே இல்ல, எங் கையிலதான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். மடியில் எழுநூற்றைம்பது கிராமோடு அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலு எட்டுக்குச் சாதிக் வெளியே வந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது, மகள் கல்யாணத்திலும் அதே முகம்தான். கையில் ஒரு சீட்டு. குணவதியைத் தாண்டி அந்த அப்பாவிடம் போய், "எண்ணூத்து இருபது புள்ளி எட்டுங்க. எஞ்சினும் பாத்துட்டாங்க, எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றார். குணவதி சீட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். எட்டு. எண்ணூறு கிராம் கூட. மூன்று முறை படித்தாள், மூன்று முறையும் எட்டுதான். போன உயிர் திரும்பி வந்தது என்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. முதலில் காதுக்கு வந்தது, இவ்வளவு நேரம் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததே அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. கடைசியில் நாக்குக்கு வந்தது, கொய்யா இனித்தது. பக்கத்தில் இருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு மிச்சக் கொய்யாவை விதையோடு, காம்போடு தின்று தீர்த்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது, ஆட்சேபம் வந்தால் வரட்டும், வராது, ரெண்டாவதாக வந்த அணிக்காரர்கள் ஏற்கெனவே சாமான்களை லாரியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நாளைக்கு அரைப்பக்கம் வரட்டும். ரீல்ஸ் ஓடட்டும், எழுபதாயிரம் ஆகிவிட்டது, ஓடட்டும் ராசா. அந்த அப்பா லேமினேஷன் செய்து கொள்ளட்டும், பெரிய சைஸில், சட்டம் போட்டு. மிருதுளாவிடம் இந்தத் திங்கட்கிழமையே சொல்லிவிட வேண்டும், எதையும் நிறுத்த வேண்டாம் கண்ணு, எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது, ஆனால் உன் பத்து நிமிஷம் எல்லாம் இங்கே நடக்காது, பலகையில் உறுதியான முடிவை ஒட்டின பிறகுதான் என் விரல் அசையும் என்று. ஒலிபெருக்கிக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். கிரைண்டரைப் பற்றி அந்தத் தம்பி ரெண்டு வார்த்தை சொன்னால் கொய்யாக்கார அம்மா கேட்பாளே, அவள் வாங்க மாட்டாளா என்ன. குணவதிக்குச் சிரிப்பு வந்தது. டீ குடிக்க வேண்டும்போல் இருந்தது, யாரையாவது கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது, தூங்க வேண்டும்போலவும் இருந்தது.

யாருக்கும் தெரியாது. அதுதான் பெரிய நிம்மதி, யாருக்குமே தெரியாது. பைக்குள் கேமரா ஒரு மூலையில் கிடந்தது, ஆறிப்போயிருந்தது. ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்குப் போகலாம். ஆனால் அறுநூறில் எழுநூற்றைம்பது போனால் எண்ணூறு மிஞ்சுமா? உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் மிஞ்சும்? நினைப்பு அங்கே போய் முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தாள். பெட்ரோல் கொஞ்சம் கூட மிஞ்சியிருக்கலாம். தராசு தப்பாக இருக்கலாம். தராசு தப்பு என்றால் எல்லாக் காருக்கும்தானே தப்பு. அந்தக் கொய்யாக்கார அம்மாவின் கல் தப்பா? இருபது வருஷத்துக் கல் தேய்ந்திருக்கும், தேய்ந்தாலும் எவ்வளவு தேயும்? நல்லது நடந்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் போக வேண்டியதுதானே என்று ஒரு பக்கம், எப்படி நடந்தது என்று தெரியாத நல்லது எந்த நிமிஷமும் கையை விட்டுப் போய்விடும் என்று ஒரு பக்கம். நாலு இருபதுக்கு ஒலிபெருக்கியில் தம்பி முடிவு உறுதி என்று அறிவித்தார். சம்யுக்தா கயிற்றைத் தாண்டி ஓடிவந்து அப்பா மேல் விழுந்தாள், பிறகு குணவதி மேல் விழுந்தாள், வியர்வையும் பெட்ரோல் வாசனையுமாக, "அக்கா, நாங் கத்துனதப் போயி ஊருக்கே போட்டுட்டீங்ளா? மானமே போச்சு!" என்று சிரித்தாள். கோப்பை வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சாதிக் காரைத் தள்ளிக்கொண்டு வந்து அணியின் கொட்டகைக்குள் நிறுத்தினார். அங்கே வேறு யாரும் இல்லை. குணவதி கேமராக் கொத்தை எடுத்துப் பானெட்டின் மேல் வைத்தாள். "அண்ணா, எடை போடறதுக்கு முன்னாலயே இதக் கழட்டிட்டனுங்கண்ணா. வரிசையில நின்னப்போ. எழுநூத்தம்பது கிராம் இருக்குது, நிறுத்துப் பாத்தேன். எப்படித் தப்பிச்சோம்னு தெரியல." சாதிக் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த மாறாத முகத்தில் மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது. "நீங்க கழட்டுவீங்கன்னு தெரியும் அம்மிணி. சென்னையில ப்ராக்டீஸ் அன்னிக்கே வண்டி நிக்கறதுக்குள்ள ஓடியாந்து கழட்டுனீங்க, பாத்துட்டுத்தான இருந்தேன். நாளப்பின்ன ரேஸ் முடிஞ்சும் இப்பிடித்தான் கைய விடுவாங்கன்னு, அடுத்த ரேசுக்கே டிரைவர் சீட்டுக்கு அடியில ஒரு கிலோ ஈயம் வச்சுட்டேன்." "ஒரு கிலோவா?" "ஒரு கிலோ." "எனக்காகவா?" "பின்ன எனக்காகவா? நாலு ரேசா அப்பிடித்தான் ஓடுது." "சொல்லியிருக்கலாமில்லீங்ண்ணா?" "சொன்னா மட்டும்?" என்றார் சாதிக், கோபமில்லாமல்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்தபோது வந்ததைவிட, ஒருத்தருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதில் வந்த நிம்மதி நெஞ்சுக்குள் இன்னும் கீழே இறங்கியது. தன் குறையை அறிந்த ஒரு மனிதர், திட்டாமல், யாரிடமும் சொல்லிச் சிரிக்காமல், அதற்கு எடை போட்டு ஈயம் வைத்து மூடியிருக்கிறார். நாற்பத்து நாலு வருஷத்தில் அவளுக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. உடனேயே இன்னொன்றும் உறைத்தது. நாலு பந்தயமாக அந்தப் பெண் ஒரு கிலோவை அதிகமாகச் சுமந்துகொண்டு ஓட்டியிருக்கிறாள். மூன்றாவது பந்தயத்தில் சம்யுக்தா ரெண்டாவதாக வந்தது விநாடியில் பத்தில் ரெண்டு பங்கு வித்தியாசத்தில்; ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் இதே கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். "அந்த ரேசுல..." என்று குணவதி ஆரம்பித்தாள். "அதுனாலதான்னு சொல்ல முடியாது அம்மிணி" என்றார் சாதிக். அதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

"ஈயத்த எடுத்துருங்கண்ணா" என்றாள். "எடுத்துட்டா? அடுத்த ரேசுல நீங்க கழட்ட மாட்டீங்களா?" கழட்ட மாட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சத்தியம் கூடச் செய்திருப்பாள். அடுத்த மாதம், சம்யுக்தா மறுபடி ஜெயித்து, உள்ளே இன்னொரு கத்தல் சூடாகக் கிடக்கும்போது, தன் கை என்ன செய்யும் என்பதை நினைத்துப் பார்த்தாள். சத்தியத்தை விழுங்கினாள். "கழட்டுவனுங்ண்ணா" என்றாள். "அதனால கேமராவ எங் கைக்கு எட்டாத எடத்துல மாட்டிருங்க." சாதிக் மேசையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு காரின் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே தலையை நுழைத்தார். "எங்க, நீட்டுங்க பாக்கலாம்." குணவதி பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சன்னல் வழியாகக் கையை நுழைத்துக் கம்பியோரமாக நீட்டினாள். அவள் விரல் நுனி நின்ற இடத்தில் சாதிக் கோடு போடப் போனார், போடாமல் நிறுத்தினார். "ஏமாத்தக் கூடாது அம்மிணி. ரீல்ஸுக்கு நீட்டற மாதிரி நீட்டுங்க." அவள் கால் கட்டை விரலில் எழும்பி நின்று, கன்னம் சன்னல் விளிம்பில் அழுந்த, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவும் நீட்டினாள். கை இன்னும் நாலு விரல் தூரம் உள்ளே போயிற்று.